எட்டு ‘பி’ வகுப்பின் அமைதி

செண்பகவல்லி தன் பன்னிரண்டு வருட ஆசிரியர் வேலையில் ஒரே ஒருமுறைதான் ஒரு பிள்ளையை அடித்திருக்கிறாள். பழைய பள்ளிக்கூடத்தில் மூன்று தடவை ‘பேசாதே’ என்று சொல்லியும் பேசிக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் விரல்களில் மரஸ்கேலால் போட்டாள். நகம் பெயர்ந்து வந்துவிட்டது. மறுநாள் அந்தப் பெண்ணின் அம்மா வந்தபோது, சண்டைக்குத்தான் வருகிறாள் என்று நினைத்தாள். அவளோ, “அடிச்சாத்தான டீச்சர் படிக்கும்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். செண்பகவல்லியால் தாங்க முடியாமல் போனது அந்த வார்த்தைதான். கோடை விடுமுறையில் வேலையை ராஜினாமா செய்துவிட்டு, கோவில்பட்டியில் ஓர் உதவிபெறும் பள்ளியில் கணக்கு டீச்சராகச் சேர்ந்தாள். இனி எந்தப் பிள்ளை மேலும் கை வைப்பதில்லை.

எட்டு ‘பி’ அதை ஒரே வாரத்தில் மோப்பம் பிடித்துவிட்டது.

அறுபத்தொரு பிள்ளைகள். ஒருவன் பஸ் ஹாரன் அடிப்பான். இன்னொருவன் ஆட்டுக்குட்டி மாதிரி கத்துவான். யாரென்று திரும்பிப் பார்த்தால் அறுபத்தொரு முகமும் கோயில் சிலைபோல் இருக்கும். பயிற்சி வகுப்பில் சொல்லிக்கொடுத்த எல்லாவற்றையும் அவள் செய்து பார்த்தாள். இடம் மாற்றி உட்கார வைத்தாள். குழுத் தலைவர்களைப் போட்டாள். ஒழுங்காக இருந்தால் நட்சத்திரம் என்று சுவரில் அட்டை ஒட்டினாள். அவர்களாக அடங்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு பேசாமல் நின்று பார்த்தாள், மணி அடித்துவிட்டது. எதுவும் இரண்டு நாளைக்கு மேல் தாங்கவில்லை.

தலைமையாசிரியர் எபனேசரின் அறை அந்த வகுப்புக்கு நேர் கீழே இருந்தது.

“டீச்சர், நேத்து கல்வி ஆபீஸ்ல இருந்து போனு. என்ன சொல்றாங்கன்னு கேக்காம நான் வெளிய வேப்பமரத்தடிக்குப் போயிப் பேசுனேன்” என்றார் அவர். “உங்களால அடிக்கவும் முடியாது, அதட்டவும் முடியாது. சரி. அப்ப ஒண்ணு செய்வோம். ஒரு கம்பெனிக்காரங்க வந்திருக்காங்க. பேசிப் பாருங்க.”

கம்பெனியிலிருந்து வந்தவன் பெயர் பிரணவ். கோயம்புத்தூர்க்காரன், முப்பது வயதுக்குள் இருக்கும். பையிலிருந்து பிள்ளைகள் கழுத்தில் மாட்டும் அடையாள அட்டை ஒன்றை எடுத்து மேசையில் வைத்தான்.

“இதை மாட்டிட்டா போதுங்க மேடம். சத்தம் வராது.”

“வாயைக் கட்டிப்போடுமா?”

“ஐயோ, இல்லைங்க. அவங்க பேசலாம், கத்தலாம். ஆனா குரல் வெளிய வராது.” அவன் கையால் காற்றில் ஓர் அலை வரைந்தான். “குரல்ங்கிறது காத்துல போற அலைதானுங்க. அது மேல எழும்புற அதே நொடியில, அதுக்கு நேர் எதிரா ஒரு அலையை இந்த அட்டை விடும். ரெண்டும் ஒண்ணை ஒண்ணு அழிச்சிரும். பக்கத்துல உட்கார்ந்திருக்கிறவனுக்குக்கூடக் கேட்காது.”

“அப்ப கேள்வி கேட்டா எப்படிப் பதில் சொல்லும்?”

“உங்க கையில டேப்லெட் இருக்கும். அதுல எல்லாரு போட்டோவும் இருக்கும். கை தூக்குற பிள்ளையோட போட்டோவைத் தொட்டீங்கன்னா, அந்தக் குரல் மட்டும் திறந்துக்கும். அப்புறம், யாராவது இடத்தை விட்டு எந்திரிச்சா அந்தப் போட்டோ சிவப்பாகும். ஒழுக்க மார்க்குல அதுவே ஒண்ணு குறைச்சிக்கும்.”

“பிள்ளைகளுக்குக் கெடுதல் ஒண்ணும் இல்லையே?”

“தொடறதே இல்லைங்களே மேடம்” என்றான் அவன்.

தொடுவதே இல்லை என்ற சொல் அவளுக்குப் பிடித்துப்போனது.

அட்டை வந்த முதல் நாள், வழக்கம்போல இரைந்துகொண்டிருந்த வகுப்புக்குள் நுழைந்து அவள் டேப்லெட்டில் பொத்தானைத் தொட்டாள். சத்தம் அறுந்து விழுந்தது. தலைக்கு மேல் மின்விசிறி கிறீச்சிடுவதை அவள் முதன்முதலாகக் கேட்டாள். வெளியே தீப்பெட்டி ஆபீஸ் லாரி ஒன்று கியர் மாற்றிக்கொண்டு போனது. எதிரே அறுபத்தொரு வாய்கள் அசைந்துகொண்டிருந்தன. சில பையன்கள் சிரித்தார்கள். தோள்கள் மட்டும் குலுங்கின. ஒருவன் கழுத்து நரம்பு புடைக்கக் கத்திப் பார்த்தான். இரண்டாவது பெஞ்சில், வகுப்பிலேயே அதிகம் பேசும் இசக்கிப்ரியா, தொண்டையைக் கையால் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

செண்பகவல்லி அவளுடைய போட்டோவைத் தொட்டாள். அழுகை பாதியிலிருந்து கேட்டது.

“பயமா இருக்கு டீச்சர். நான் பேசுறது எனக்கு மண்டைக்குள்ள மட்டும் கேக்கு.”

“பழகிரும்மா” என்றாள் செண்பகவல்லி. விரலை எடுத்தாள். அழுகை நின்றது. கண்ணீர் மட்டும் வழிந்தது.

அவள் சொன்னது சரிதான். பழகிவிட்டது. நாளாக நாளாக யாரும் பேசக் கை தூக்கவில்லை, பதில் கேட்டால் நோட்டில் எழுதித் தூக்கிக் காட்டினார்கள். அரையாண்டுத் தேர்வில் எட்டு ‘பி’ பள்ளியிலேயே முதலாவதாக வந்தது. பக்கத்து ஊர்களிலிருந்து தலைமையாசிரியர்கள் வந்து வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். செண்பகவல்லி குரலை உயர்த்தாமல், ஒரு கணக்கை அதன் ஆரம்பத்திலிருந்து முடிவுவரை இடையூறில்லாமல் சொல்லிக்கொடுத்தாள். கல்லூரியில் படித்தபோது இப்படித்தான் பாடம் நடத்த வேண்டும் என்று ஆசைப்பட்டிருந்தாள். ஸ்கேலைத் தொட்டு மாதக்கணக்காகியிருந்தது. பெயர்ந்த நகம் கனவில் வருவதுகூட நின்றுவிட்டது.

மதியச் சாப்பாட்டு வேளையில் பிள்ளைகள் அட்டைகளை வகுப்பிலேயே ஆணியில் மாட்டிவிட்டுப் போவார்கள். ஒருநாள் மாடியிலிருந்து அவள் எட்டிப் பார்த்தபோது, மைதானம் முழுவதும் கூச்சலாக இருந்தது. எட்டு ‘பி’ மட்டும் வேப்பமரத்தடியில் வட்டமாக உட்கார்ந்திருந்தது. வாய்கள் அசைந்தன. யாருடைய கழுத்திலும் அட்டை இல்லை. திடீரென்று எல்லோருடைய தோள்களும் ஒரே நேரத்தில் குலுங்கின. ஏதோ விளையாட்டு என்று நினைத்துக்கொண்டாள்.

ஜனவரி முதல் வாரத்தில் இசக்கிப்ரியாவின் அம்மா வேலம்மாள் வந்தாள். தீப்பெட்டி ஆபீஸில் குச்சிக்கு மருந்து முக்குகிற வேலை பார்க்கிறவள். விரல் நுனிகளில் மருந்து ஏறிக் கறுத்திருந்தது.

“டீச்சர், எம்மக வீட்டுல பேசமாட்டேங்கா.”

“கோவமா?”

“கோவமெல்லாம் இல்ல. நல்லாத்தான் இருக்கா. சிரிக்கா, சாப்பிடுதா. வாய் அசையுது, சத்தம் வரல. ‘என்னளா சொல்லுத’ன்னு கேட்டா, என்னைய ஒரு மாதிரியாப் பாக்கா. நான் செவிடிங்கிற மாதிரி.” அவள் குரலைத் தாழ்த்தினாள். “நான் கொஞ்சம் சத்தமாப் பேசிட்டா, அங்கிட்டுப் போயிருதா. பயமா இருக்கு டீச்சர்.”

“வயசு அப்படி. இந்த வயசுல பிள்ளைங்க அம்மாகிட்ட பேசாதுங்க” என்றாள் செண்பகவல்லி. “மார்க்கைப் பாத்தீங்களா? கணக்குல தொண்ணூத்தி ரெண்டு.”

வேலம்மாள் மார்க் அட்டையை வாங்கிப் பார்த்தாள். திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

அது நடந்தது அதே மாதம், பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்த இரண்டாம் நாள். மூன்றாம் பீரியட். செண்பகவல்லி கரும்பலகையில் ஒரு நீளமான இயற்கணிதக் கணக்கை எழுதிக்கொண்டிருந்தாள். பின்னால் பெஞ்சு நகரும் சத்தம் கேட்டது. பெஞ்சு தினமும்தான் நகரும். மறுபடியும் கேட்டது. அவள் திரும்பாமலே எழுதிக்கொண்டிருந்தாள். கடைசி வரியை முடித்துவிட்டு, யாரையாவது பதில் கேட்கலாம் என்று திரும்பினாள்.

வகுப்பு முழுவதும் எழுந்து நின்றுகொண்டிருந்தது. ஒருவரும் தன் இடத்தைவிட்டு வெளியே வரவில்லை. எல்லா வாய்களும் அகலத் திறந்திருந்தன. கழுத்து நரம்புகள் புடைத்திருந்தன. சிலர் அழுதுகொண்டிருந்தார்கள். மின்விசிறி கிறீச்சிட்டது.

இசக்கிப்ரியா மட்டும் பெஞ்சைத் தாண்டி, ஒரு கால் வெளியிலும் ஒரு கால் உள்ளேயுமாக நின்று, கையைப் பின்னால் நீட்டிக் காட்டினாள்.

நான்காவது பெஞ்சுக்கும் ஐந்தாவது பெஞ்சுக்கும் இடையில் கபிலேஷ் கிடந்தான். உதடு நீலமாகியிருந்தது. பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தவன் விழுங்கிவிட்டான். செண்பகவல்லி அவனைத் தூக்கிக் குனிய வைத்து முதுகில் ஓங்கி ஓங்கி அடித்தாள். ஏழாவது அடியோ எட்டாவது அடியோ, மூடி தெறித்து விழுந்தது. அவன் மூச்சு திரும்பியது, நினைவு திரும்பவில்லை.

எபனேசர் தன் காரிலேயே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். மூளைக்கு நாலு நிமிஷம் காற்று போகவில்லை என்றார் டாக்டர். பிழைத்துவிடுவான். இடது கால் எப்படி இருக்கும் என்று இப்போது சொல்ல முடியாது.

நாலு நிமிஷம். அறுபது பிள்ளைகள் நாலு நிமிஷம் தன் முதுகைப் பார்த்துக் கத்தியிருக்கிறார்கள் என்று செண்பகவல்லி நினைத்தாள். அந்த அட்டைகள் அத்தனையையும் விழுங்கியிருக்கின்றன. அன்று சாயங்காலமே எபனேசரிடம் எழுதிக் கொடுத்தாள். ‘இயந்திரம் குழந்தைகளின் கூக்குரலை அழித்தது. அதைப் பயன்படுத்தியது என் தவறு.’

இரண்டு நாள் கழித்து பிரணவ் வந்தான். தலைமையாசிரியர் அறையில் மூவரும் உட்கார்ந்தார்கள். அவன் முகம் வெளுத்திருந்தது.

“மேடம், நீங்க எழுதினது தப்புங்க.”

“எது தப்பு?”

“அன்னிக்குப் பத்தே முக்கால்ல இருந்து பதினொண்ணே கால் வரைக்கும் அட்டைக்கெல்லாம் புது மென்பொருள் ஏத்திட்டு இருந்தோம். அந்த நேரத்துல எதிர் அலை வராது. மைக் மட்டும் ஓடிட்டு இருந்துச்சு. சம்பவம் நடந்தது பத்து அம்பத்தி ஆறு.” அவன் லேப்டாப்பை எடுத்து மேசையில் வைத்தான். “உங்க கிளாஸ்ல அன்னிக்கு எதுவும் எதையும் அழிக்கலைங்க. அவங்க கத்தியிருந்தா உங்களுக்குக் கேட்டிருக்கும்.”

“கத்தினாங்க. நான் பாத்தேன்.”

அவன் லேப்டாப்பைத் திருப்பி வைத்து, அட்டைகளின் மைக்கில் பதிவானதை ஓடவிட்டான். மின்விசிறி கிறீச்சிட்டது. சாக்பீஸ் பலகையில் தட்டும் சத்தம். செண்பகவல்லியின் குரல்: ‘இதை அந்தப் பக்கம் கொண்டு போனா மைனஸ்.’ பெஞ்சு நகர்ந்தது. மறுபடி நகர்ந்தது. சாக்பீஸ் தட்டியது. வேறு ஒன்றுமில்லை. நாலு நிமிஷமும் அப்படியே ஓடியது.

“அறுபது மைக்கையும் தனித்தனியாக் கேட்டேனுங்க” என்றான் பிரணவ். “ஒரு குரல் இல்லை. அப்புறம் ஒலியை நாற்பது மடங்கு கூட்டி வெச்சுக் கேட்டேன்.”

ஒரு பொத்தானை அழுத்தினான். அறையில் காற்று எழுந்ததுபோல் இருந்தது. கரிசல் காட்டில் சோளத்தட்டை மேல் காற்று அடித்தால் வரும் இரைச்சல். அது மெல்ல மெல்லப் பிரிந்து சொல்லானது. அறுபது மூச்சுகள் ஒரே சொல்லைச் சொல்லிக்கொண்டிருந்தன.

டீச்சர். டீச்சர். டீச்சர். டீச்சர்.

எபனேசர் கையை நீட்டி லேப்டாப்பை மூடிவிட்டார்.

“என்னதுப்பா இது?”

“மூச்சுங்க சார். தொண்டை அதிர்ந்து வர்ற குரலைத்தான் அட்டை அழிக்கும். வெறும் மூச்சால பேசினா ரொம்பச் சின்னச் சத்தம், அதை அது கண்டுக்காது. பசங்க அந்த ஓட்டையைக் கண்டுபிடிச்சிட்டாங்க. ஆறு மாசமா அதுலயேதான் பேசிட்டு இருந்திருக்காங்க. அந்த அமைதியில கேட்டுக் கேட்டு அவங்க காதும் அதுக்குப் பழகியிருக்கு.” அவன் செண்பகவல்லியைப் பார்த்தான். “அன்னிக்கு அவங்களுக்கு அது கத்தல்தானுங்க மேடம்.”

எபனேசர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அப்ப மெஷின்ல கோளாறு இல்ல. அதைத் தெளிவா எழுதிக் கொடுங்க தம்பி. அடுத்த வருஷம் எல்லா கிளாஸுக்கும் கேட்டிருக்கோம்.”

“சார், எட்டு ‘பி’க்கு வேண்டாம் சார். அட்டையைக் கழட்டிருவோம்” என்றாள் செண்பகவல்லி.

“தாராளமாக் கழட்டுங்க டீச்சர். சத்தமே போடாத பிள்ளைங்களுக்கு அட்டை எதுக்கு?” என்றார் எபனேசர்.

கபிலேஷைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனாள். கண் விழித்து ஒரு வாரமாகியிருந்தது. அவனுடைய அம்மா வெளியே பால் வாங்கப் போயிருந்தாள். செண்பகவல்லி கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, “மன்னிச்சிருப்பா, எனக்குத் தெரியாமப் போச்சு” என்றாள். அவன் உதடுகள் அசைந்தன. அவள் காதை அவன் வாயருகே கொண்டுபோனாள். கன்னத்தில் மூச்சுப்பட்டது, சொல் கேட்கவில்லை. நோட்டும் பேனாவும் கொடுத்தாள். கோணல்மாணலாக எழுதினான்.

‘எல்லாரும் எவ்வளவு சத்தமா கத்துனாங்க. கீழ கிடந்த எனக்கே காது அடைச்சிது. உங்களுக்கு எப்படி கேக்காம போச்சு டீச்சர்?’

மறுநாள் அவள் வகுப்பில் ஒரு சோதனை செய்து பார்த்தாள். இசக்கிப்ரியாவைக் கரும்பலகையைப் பார்த்து நிற்க வைத்தாள். கடைசி பெஞ்சில் இருந்த ஜெஸ்வினிடம் ஒரு துண்டுச்சீட்டில் நான்கு இலக்க எண்ணை எழுதிக் காட்டி, “சொல்லு” என்றாள். அவன் உதடு லேசாக அசைந்தது. செண்பகவல்லி அவனுக்குப் பக்கத்திலேயே நின்றாள். ஒன்றும் கேட்கவில்லை. வகுப்பின் அந்தக் கோடியில், முதுகைக் காட்டி நின்ற இசக்கிப்ரியா சாக்பீஸை எடுத்து 4739 என்று எழுதினாள்.

மூன்று முறை செய்தாள். மூன்று முறையும் சரி.

“இசக்கி, குரல் எடுத்துப் பேசும்மா. அட்டைதான் இல்லையே. வீட்டுல அம்மா பயப்படுறாங்க.”

இசக்கிப்ரியா தயங்கினாள். நெடுநாள் திறக்காத கதவுபோல அவள் தொண்டை கரகரத்தது. அந்தச் சிறு சத்தத்துக்கே சுற்றியிருந்த பிள்ளைகள் முகத்தைச் சுளித்துக் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

“இப்படிப் பேசுனா காது வலிக்கி டீச்சர்” என்றாள் அவள். “நீங்க பேசுறப்பவும் வலிக்கி. நாங்க சொல்லல.”

அன்றிலிருந்து செண்பகவல்லி தன் குரலைக் குறைக்க ஆரம்பித்தாள். பிள்ளைகளை மறுபடி கத்த வைக்க முடியுமா என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆனால் இன்னொருமுறை ஒரு பிள்ளை கூப்பிட்டால் தனக்குக் கேட்டாக வேண்டும். அது மட்டும் நிச்சயமாகத் தெரிந்தது. ஒரு வாரம் மெல்லப் பேசினாள். மறுவாரம் கிசுகிசுத்தாள். அப்புறம் வெறும் மூச்சால் பாடம் நடத்தினாள். ஒரு பிள்ளையும் ‘கேட்கவில்லை’ என்று கை தூக்கவில்லை. பிப்ரவரி வெயிலில் மின்விசிறியை நிறுத்தச் சொன்னாள். வியர்த்து வழிந்தபடி எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். கணக்கைப் பலகையில் போட்டுவிட்டு, நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு கவனிப்பாள். வீட்டில் டிவியை நிறுத்தினாள், மிக்சியை நிறுத்தி அம்மிக்கு மாறினாள். கணவன் கேட்டபோது ஒற்றைத் தலைவலி என்றாள்.

வேலம்மாளை ஒருநாள் பள்ளி வாசலில் பார்த்தாள். “இன்னும் பேசலையே டீச்சர்” என்றாள் அவள். அந்தக் குரல் தன் காதில் சுரீரென்று குத்துவதைச் செண்பகவல்லி உணர்ந்தாள்.

கபிலேஷ் மாதக் கடைசியில் திரும்பி வந்தான். இடது காலை இழுத்து இழுத்து நடந்தான். அவனை முதல் பெஞ்சில், தன் மேசைக்கு நேர் எதிரே உட்கார வைத்தாள்.

மார்ச் முதல் வாரத்தில், கண்ணை மூடி உட்கார்ந்திருந்தபோது வகுப்பில் லேசாகக் காற்று ஓடுவதுபோல் இருந்தது. ஜன்னல்கள் சாத்தியிருந்தன. மறுநாள் அந்தக் காற்றில் ஏற்ற இறக்கம் தெரிந்தது. ஒருவர் கேட்பதும் இன்னொருவர் பதில் சொல்வதும் போல. மூன்றாம் நாள் எங்கிருந்தோ ஒரு சிரிப்பு, தண்ணீரில் குமிழி உடைவதுபோல். அவள் கண்ணைத் திறக்கவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. ஒரு வாரம் அப்படியே உட்கார்ந்தாள். சொற்களின் ஓரங்கள் தென்பட ஆரம்பித்தன. ‘நாளைக்கு’ என்று ஒன்று. ‘அவளுக்கு’ என்று ஒன்று. யாரோ ஒரு பாட்டை முணுமுணுத்தார்கள். இத்தனை நாளும் இந்த அறை எவ்வளவு இரைச்சலாக இருந்திருக்கிறது என்று அவளுக்கு மெல்லப் புரிந்தது.

அடுத்த திங்கட்கிழமை மூன்றாம் பீரியடில், பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது, முதுகுக்குப் பின்னாலிருந்து முழுதாக ஒரு வாக்கியம் கேட்டது. இசக்கிப்ரியாவின் மூச்சுதான். மிகத் தெளிவாக, பக்கத்தில் நின்று சொன்னதுபோல.

“யாரும் பேசாதீங்க. டீச்சருக்குக் கேக்க ஆரம்பிச்சிருச்சி.”

காற்று நின்றது.

செண்பகவல்லி திரும்பினாள். அறுபத்தொரு பேரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். உதடுகள் மூடியிருந்தன. முதல் பெஞ்சில் கபிலேஷும் பார்த்துக்கொண்டிருந்தான். கோபமோ பயமோ அந்த முகங்களில் இல்லை. வெளியாள் ஒருவர் வீட்டுக்குள் வந்தால், பேச்சை நிறுத்திவிட்டு அவர் போகட்டும் என்று காத்திருப்பார்களே, அப்படி உட்கார்ந்திருந்தார்கள்.

“பேசுங்க” என்று மூச்சால் சொன்னாள். “நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். பேசுங்கப்பா.”

ஓர் உதடும் அசையவில்லை. பீரியட் முடிய இருபத்தைந்து நிமிஷம் இருந்தது. அவள் சாக்பீஸைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். அறுபத்தொரு பிள்ளைகளின் வெறும் மூச்சு மட்டும், சொல் ஏதும் இல்லாமல், உள்ளே போய் வெளியே வந்துகொண்டிருந்தது.

கீழே தண்டவாளத் துண்டில் மணியடித்தார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

அவளும் பொத்திக்கொண்டாள்.